தெர்மாமீட்டர் அண்ணன்

"பறத்தல் பொறுப்பாளர் என்பவர் பதற்றமில்லாதவர், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் நிலைமையைக் கணிப்பவர், தயங்குகிறவர்களுக்குத் தெம்பூட்டிப் பறக்க வைப்பவர்." மாதிரி விமானக் கழகத்தின் விதிப்புத்தகம் இப்படிச் சொல்கிறது. அந்தப் பதவியில் ஐந்து ஆண்டுகளாக வீற்றிருப்பவருக்குக் கழகத்தார் வைத்திருக்கும் பெயர் தெர்மாமீட்டர் அண்ணன். அவர் காதுபடச் சொல்வதில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார், அந்தப் பயம்தான்.

வாசகரே, அளந்து பார்த்தால்தான் நம்புவேன் என்று ஓர் இனம் உலகில் உண்டு. சட்டியைத் தொட்டு விரல் வெந்தாலும், அது எத்தனை டிகிரி என்று தெரியும்வரை கையை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் இனம். நம் அண்ணன் அதில் மூத்த குடிமகன். வேலை, பழங்கள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை. அங்கே அரை டிகிரி ஏறினால் ஆயிரம் பெட்டி அழுகும். அவர் அளப்பது நூற்றுக்கு நூறு சரி. வினை என்னவென்றால், அந்தச் சரியை அவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மனைவி தேநீர் கொடுத்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டார், எழுபத்தொன்று என்பார். "எனக்குக் கோபம் வந்தா அளக்க ஏதாச்சும் வாங்கி வெச்சிருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டபோது, பாவம், அப்படியொரு கருவி கிடைக்குமா என்று நிஜமாகவே இரண்டு நாள் தேடினார்.

இப்படிப்பட்டவரிடம் போய் மாட்டியது மச்சினனின் விமானம்.

மச்சினன் கப்பலில் எஞ்சினியர். வீடு உயரத்துக்கு நிற்கும் எஞ்சின்களோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன். விடுமுறையில் வந்து, அக்கா வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, மெல்லிய மரச்சட்டங்களை இழைத்து ஒட்டி, இறக்கைக்குத் தாள் போர்த்தி, மூன்று மாதத்தில் ஒரு விமானம் செய்து முடித்தான். அவனுக்கு ஓட்டத் தெரியாது. அத்தானுக்குத் தெரியும். நாலு ஞாயிறு கழித்து வரும் புதன்கிழமை கப்பலேறினால் திரும்பப் பத்து மாதம். ஏறுவதற்குள் அது மைதானத்தை முழுசாய் ஒரு சுற்று வருவதைப் பார்த்துவிடவேண்டும். வேறொன்றும் அவன் கேட்கவில்லை. அக்காவும் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அத்தான் சம்மதித்தார். உடனே எஞ்சினின் தலையில் ஒரு வெப்ப உணரியைக் கட்டினார். அதன் எண், கையிலிருக்கும் ரிமோட்டின் திரையில் தெரியும். எல்லை தாண்டினால் ஒரு பெண்குரல் வாய்விட்டே சொல்லும். அந்தக் குரலுக்கு அவர் தரும் மரியாதையைப் பார்த்து மனைவி பெருமூச்சு விட்டதுண்டு.

முதல் ஞாயிறு எஞ்சின் தொண்ணூறு காட்டியது. சூடு போதாதாம், பறக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு நூற்றுப் பதினெட்டு. சூடு அதிகமாம், பறக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, கேளுங்கள், கச்சிதமாக நூற்றைந்து வந்தது. கழகமே எழுந்து நின்றது. அண்ணன் கையை உயர்த்தி, அந்த நூற்றைந்து நிலையானதுதானா என்று கவனித்தார். கவனித்தார். கவனித்துக்கொண்டே இருந்தார். நிலையாகத்தான் இருந்தது, டேங்கில் எரிபொருள் தீரும்வரை.

"அத்தான், கொஞ்சம் காதால கேட்டுப் பாருங்களேன்" என்றான் மச்சினன். காது ஆளுக்கு ஆள் மாறும் மாப்பிள்ளை, எண் மாறாது என்று விளக்கினார் அத்தான். சொன்னவர் கிடங்கு மேற்பார்வையாளர். கேட்டுக்கொண்டவன் கப்பல் எஞ்சினியர். உறவுமுறை என்று ஒன்று இருக்கிறதே!

நான்காம் ஞாயிறுதான் கடைசி. நூற்றிரண்டு. வேறு வழியில்லாமல் பறக்க விட்டார். ஆஹா, என்ன அழகாக எழும்பியது! ஓடுதளத்தின் முனையில் திரும்பி, மேற்கு வேலியை ஒட்டி அது பாதிச் சுற்று வந்தபோது, மச்சினன் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றான். நாற்பது வயது ஆள். எஞ்சின் சத்தம் ஒரே சீராக, பிசிறில்லாமல் கேட்டது. அப்போது பெண்குரல் பேசியது: வெப்பநிலை நூற்று அறுபத்து நான்கு.

"சத்தம் நல்லா இருக்கு அத்தான். நிறுத்தாதீங்க, அப்படியே சுத்திக் கொண்டாந்துடுங்க."

"நூத்தி அறுபத்தி நாலு மாப்ளே."

"எஞ்சின் நல்லா ஓடுது அத்தான். எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். அதுக்குத் தெரியணுமே" என்று திரையைக் காட்டினார் அத்தான்.

காட்டிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினார். வானம் அமைதியானது. எண் நூற்று நாற்பதுக்கு இறங்கியது, நூற்றிருபதுக்கு இறங்கியது. அவர் முகத்தில் நிம்மதி. விமானமும்தான் இறங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம், கான்கிரீட் குழாய்கள் அடுக்கியிருந்த இடத்தில்.

இறக்கை மூன்று துண்டு. மச்சினன் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எஞ்சினைத் திருப்பிப் பார்த்தான். வெப்ப உணரியின் கட்டு ஆகாயத்திலேயே நெகிழ்ந்து, அது வழுக்கிப்போய்ப் புகைக்குழாயின்மேல் ஒட்டிக் கருகியிருந்தது. நூற்று அறுபத்து நான்கு என்று அது அளந்தது புகையின் சூட்டை. அவன் அதை அத்தானிடம் நீட்டினான். வீட்டில் அக்கா, பறந்ததா என்று கேட்டாள். "பாதி சுத்து. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் கணவர். புதன்கிழமை தம்பி கப்பலேறினான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே மழை பெய்கிறதா என்று கைப்பேசியில் பார்த்தது யார்? காலையில் எழுந்ததும், நன்றாகத் தூங்கினோமா என்று மணிக்கட்டில் கட்டியதைக் கேட்டது யார்? பயப்படாதீர்கள், கழகத்தில் இன்னும் சில இடங்கள் காலி இருக்கின்றன. அண்ணன்கூட உங்களைப் போல நல்ல மனிதர்தான். யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. அன்று அவர் செய்தது இவ்வளவுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நடுவானில் நிறுத்தினார்.