எலும்பு மஜ்ஜையும் என் தலைமறைவும்

என்மேல் என்றும் பாசம் குறையாத அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என்னைத் தவிர. அத்தானின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

என் ரத்தப் புற்றுநோய் மெதுவாக நடக்கும் ரகம், மாத்திரையில் காலம் தள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னதை முன்பே எழுதினேன். இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார். கெட்ட அணுக்கள் மட்டும் குற்றவாளி இல்லையாம். எலும்பு மஜ்ஜைக்குள் அக்கம்பக்கத்தில் இருக்கும் நல்ல அணுக்களே அவற்றுக்குத் தீனி போட்டு, மருந்தின் கண்ணில் படாமல் ஒளித்தும் வைக்கின்றனவாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "இது எனக்குத் தெரியாதா டாக்டர்? முப்பது வருஷம் ஹாஸ்டல் வார்டன். வெளியே தள்ளின பயலை ரூம்மேட்டுங்க கட்டிலுக்கடியில வச்சு சோறு போடுவானுங்க" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ உள்ளே யார் ஒளிஞ்சிருக்காங்கன்னு பார்த்துடலாம். செவ்வாய்க்கிழமை இடுப்பெலும்புல ஊசி போட்டுக் கொஞ்சம் மஜ்ஜையை எடுத்துடலாம்" என்றார்.

செவ்வாய் காலை செருப்புகூடப் போடாமல் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஓடினேன். துணிமூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்தார். அவர் மனைவி டீயும் பன்னும் கொடுத்தார். என் வீட்டுக்காரி வந்து கேட்டபோது, "இந்தப் பக்கமே வரலையே" என்று கூசாமல் சொன்னார், மகராசி. மாடிவீட்டு லாரி டிரைவர் பேப்பர் கொண்டுவந்து தந்தார். ராஜ வாழ்க்கை! ஆனால் அக்கா, உன் தம்பி பொண்டாட்டி லேசுப்பட்டவளா? டாக்டர் சொன்னதை நான் அரைகுறையாகக் கேட்டேன், அவள் முழுசாகக் கேட்டிருக்கிறாள். என்னைத் தேடுவதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய், "அவரை ஒளிச்சு வச்சு டீ கொடுக்கிறது அந்த நோய்க்கே டீ ஊத்திக் கொடுக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டாள். பதினோரு மணிக்கு டீ நின்றது. பன்னிரண்டுக்கு ஃபேன் நின்றது. ஒரு மணிக்குத் தையல்காரர், "அண்ணே, இந்த மூட்டை டெலிவரிக்குப் போகணும்" என்று நான் சாய்ந்திருந்ததையே உருவினார். பசி தாங்காமல் நானே வெளியே வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கு ஊசியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் திங்களன்று உன் வீட்டுக்கு வருகிறேன். மாடி அறையை ஒழித்து வை. அத்தானிடம்கூட மூச்சு விடாதே. டாக்டரம்மா மறக்கும்வரை தங்குவேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும் பொடிசுகளுக்கு முத்தமும் பார்த்துப் பங்கிட்டுக் கொடு.

ஒளிய இடம் தேடும்,
உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடத் தையல்காரரிடம் கொடுத்தேன். துரோகி, நேராக அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். படித்துவிட்டு அவள் திட்டவில்லை. "எங்க வேணா போய் ஒளிஞ்சுக்குங்க. அப்புறம் நான் மட்டும் இந்த வீட்டுல என்ன பண்ணுவேன்?" என்று உட்கார்ந்து அழுதாள். இன்று செவ்வாய், காலையில் ஊசி போட்டாயிற்று. ஒருக்களித்துப் படுத்தபடி எழுதுகிறேன். முடிவு பத்து நாளில் வருமாம். பயமாக இருக்கிறது அக்கா. நான் வரவில்லை, நீ கிளம்பி வா.