பிசியோ சார் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மொட்டைக் கடுதாசி எழுதியிருக்கிறேன். அதை யார் மேல் எழுதினேன் என்பது, தபால் பெட்டியில் போட்டுப் பதினொரு நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பல்லாவரத்தில் வீடு. தினமும் மின்சார ரயில், தாம்பரம் நடைமேம்பாலம், ஷேர் ஆட்டோ என்று போய்வருவேன். உலகத்துத் தவறுகளையெல்லாம் திருத்தத்தான் என் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த காலம்.

அந்த வருஷம் பக்கத்துத் தெருப் பள்ளியில் நீச்சல் குளம் கட்டினார்கள். எங்கள் பள்ளியிலோ குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குளத்துக்கு எங்கே போவது? அதனால் எங்கள் நிர்வாகம் யோசித்து யோசித்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய சாக்பீஸ் அறையைக் காலி செய்து, ‘விளையாட்டு மருத்துவப் பிரிவு’ என்று ஒரு பலகை மாட்டிவிட்டது. உள்ளே ஒரு கட்டில், ஐஸ் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ் (அதில் ஐஸைவிட ஆசிரியைகளின் மோர் பாட்டில்கள்தான் அதிகம்), என் ஆய்வுக்கூடத்திலிருந்து ‘ரெண்டு நாள்ல தந்துடறோம் மிஸ்’ என்று தூக்கிக்கொண்டு போன பிளாஸ்டிக் எலும்புக்கூடு. இவற்றுக்கெல்லாம் அதிபதியாக குமரேசன்.

குமரேசனுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வெள்ளை டிராக் சூட். கழுத்தில் விசிலும் ஸ்டெதாஸ்கோப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தொங்கும். அதற்கு முன் குரோம்பேட்டையில் ஏதோ உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தாராம். பிள்ளைகள் ‘பிசியோ சார்’ என்று உயிரை விடுவார்கள். எந்த வலியோடு போனாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். ஸ்ப்ரே அடிப்பார், ஒரு இழுப்பு இழுப்பார், பேண்டேஜ் சுற்றுவார், ‘போ, ஓடு, வலி தானா வெளிய பூடும்’ என்பார். தலைவலி என்று போன பையனுக்கும் கழுத்தை ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். (தலைவலி போய்விட்டதாம். கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை.)

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தமிழ்ச்செல்வி விழும் வரைக்கும்.

தமிழ்ச்செல்வி என் வகுப்பு. கோ-கோவில் அவளைத் தொட ஆள் கிடையாது. மண்டலப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது பயிற்சியில் விழுந்துவிட்டாள். மறுநாள் முதல் பீரியடுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலது கணுக்கால் வீங்கி, ஷூவுக்குள் நுழையாமல், செருப்போடு வந்திருந்தாள்.

“என்னடி இது?”

“சுளுக்கு மிஸ். பிசியோ சார் இழுத்துவிட்டாரு. டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. சேர்ந்துடுச்சுனு சொன்னாரு. காலைல கிரவுண்டை ஆறு ரவுண்டு ஓடச் சொன்னாரு, ஓடினா வீக்கம் இறங்கிடுமாம்.”

“ஓடினியா?”

“நாலுதான் மிஸ் முடிஞ்சுது” என்றாள், ஏதோ வீட்டுப்பாடம் முடிக்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பில் விரிசல் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “யாரும்மா இதை இழுத்தது? அவர் என்ன படிச்சிருக்கார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போதுதான் உறைத்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஏற்றுமதித் துணி கம்பெனியிலிருந்து பர்மிஷன் போட்டு ஓடிவந்த அவளுடைய அம்மா, கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே, “நல்ல வேளை மிஸ், பிசியோ சார் உடனே பார்த்தாரு. இல்லாட்டி என்ன ஆயிருக்குமோ” என்றார். நான் எக்ஸ்ரே உறையை அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் குமரேசன் இல்லாத நேரம் பார்த்து அந்த அறைக்குள் போனேன். கட்டிலுக்கு மேலே தங்க பார்டர் போட்டுக் கண்ணாடி மாட்டிய சான்றிதழ் ஒன்று இருந்தது. எல்லோரும் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிடாத குறைதான். கிட்டே போய்ப் படித்தேன். வலி ஸ்ப்ரே தயாரிக்கும் ஒரு கம்பெனி நடத்திய ஒருநாள் விற்பனையாளர் சந்திப்பில், திரு. குமரேசன் உற்சாகத்துடன் கலந்துகொண்டார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

நேராகப் பள்ளி மேனேஜர் வரதன் சாரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நம்ம ரெகார்டு எல்லாம் பக்கா மிஸ். எந்த இன்ஸ்பெக்‌ஷன் வந்தாலும் கவலை இல்லை” என்றார்.

“ரெகார்டு இல்ல சார், அவருக்குத் தகுதி இருக்கா?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “மத்தவங்க கேட்டாலும் பரவாயில்லை. இதை நீங்களே கேக்கலாமா மிஸ்?”

எனக்கு விளங்கவில்லை. புது ஆசிரியை வாயைத் திறக்கக்கூடாது என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ரத்தம் கொதித்தது.

அன்று சாயங்காலமே என் அண்ணன் ரஃபீக்கை இழுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கல்வித் துறைக்கு ஒரு கடிதம் அடித்தேன். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இந்த ஏற்பாடு. கடிதத்தின் சாரம் இதுதான்: ‘இந்தப் பள்ளியில் விளையாட்டு மருத்துவப் பொறுப்பில் இருப்பவருக்கு அதற்கான எந்தத் தகுதியும் கிடையாது. இவரால் மாணவர்களின் உடலுக்கே ஆபத்து. நாகரிகம் கருதி அவர் பெயரை நான் குறிப்பிடவில்லை. பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். தாட்சண்யம் காட்டாமல் அவர் மீது கடுமையான நடவடிக்கை எடுக்கவும்.’

ரஃபீக் அண்ணன் தோளுக்கு மேலாகப் படித்தான். “பேரு போடலியா?”

“பதிவேட்டுல இருக்குமே.”

“நீ அந்த ரிஜிஸ்டரைப் பார்த்திருக்கியா?”

“இல்லை.”

“அப்ப சரி” என்றான். (இன்று வரை அந்த ‘அப்ப சரி’க்கு அவன் விளக்கம் கொடுக்கவில்லை.)

பதினோராம் நாள் பள்ளி வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்றாவது பீரியடில் பியூன் வந்து, தாளாளர் அறைக்கு என்னை வரச் சொன்னதாகச் சொன்னார். தமிழ்ச்செல்வியின் வகுப்பாசிரியை நான்தானே, சாட்சி கேட்பார்கள் என்று புரிந்துகொண்டேன். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நியாயத்தின் பக்கம் நிற்பவள் எப்படி நடப்பாளோ அப்படி நடந்து போனேன்.

உள்ளே கல்வித் துறை அதிகாரி ஒரு அம்மையார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நோட்டும் கையுமாக உதவியாளர். தாளாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரதன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஷாகிதா பானு நீங்கதானே?”

“ஆமா மேடம்.”

“விளையாட்டு மருத்துவம் ஏதாவது படிச்சிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.” ஒளிவுமறைவில்லாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“பிசியோதெரபி?”

“இல்ல மேடம்.”

“முதலுதவிப் பயிற்சியாவது?”

“காலேஜ்ல ஒரு நாள் இருந்துச்சு மேடம். அன்னிக்கு மழை. நடக்கல.”

அம்மையார் உதவியாளர் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க. குற்றச்சாட்டு உண்மை. சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டார்.”

சம்பந்தப்பட்டவர் எங்கே என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பீரோதான் இருந்தது.

அம்மையார் மேஜையிலிருந்த பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பினார். ‘விளையாட்டு மருத்துவப் பொறுப்பாளர்: அ. ஷாகிதா பானு, எம்.எஸ்ஸி.’ பக்கத்தில் என் கையெழுத்து. அடியில் ஒரு கோடு, இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளியை உலகத்தில் வேறு யாரும் வைக்கமாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த நாள் ஞாபகம் வந்தது. வரதன் சார் எழுதியதும் எழுதாததுமாக ஒரு கட்டுக் காகிதத்தையும் பதிவேடுகளையும் என் முன்னால் வைத்து, ‘இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இதுலயும் ஒண்ணு, எல்லாம் ஃபார்மாலிட்டி மிஸ்’ என்று புரட்டிக்கொண்டே போனார். நானும் போட்டுக்கொண்டே போனேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அன்று என்னை அந்தமான் கப்பலுக்குக் கேப்டன் என்று எழுதியிருந்தாலும் இரண்டு புள்ளி வைத்திருப்பேன்.

“இது உங்க கையெழுத்தா?”

“என்னுதுதான் மேடம். ஆனா அது நான் இல்ல.”

“அப்ப யாரு?”

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. குமரேசன் என்று சொன்னால், கடுதாசி எழுதியது நான்தான் என்று வரதன் சாருக்குப் புரிந்துவிடும், வேலை போய்விடும். சொல்லாவிட்டால், பிள்ளைகளின் உடலுக்கு ஆபத்து விளைவித்தவள் நான். தாட்சண்யம் காட்டாமல் என் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நானே வேறு எழுதியிருக்கிறேன். ‘கடுமையான’ என்ற சொல்லைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று பிரவுசிங் சென்டரில் ஐந்து நிமிஷம் யோசித்துச் சேர்த்தது இப்போது நெஞ்சைக் குத்தியது.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு குமரேசன் உள்ளே வந்தார். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“இன்னா மேடம் இது? மிஸ்ஸப் போயி இன்னாத்துக்கு நிக்க வச்சிகினு கீறீங்க? அவங்க ஒரு புள்ள காலக்கூட தொட்டது கெடையாது. ஸ்ப்ரே அடிக்கறது, இழுக்கறது, கட்டுறது, அல்லாமே நான்தான். அந்த கோ-கோ புள்ள காலக்கூட நான்தான் இழுத்தேன். மிஸ் மேல எவனோ வேணும்னே எழுதிக்கிறான் மேடம்.”

வரதன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீங்க யாரு?” என்றார் அம்மையார்.

“பிசியோ.”

அம்மையார் பக்கங்களைப் புரட்டினார். விரலை ஓரிடத்தில் நிறுத்தினார். “குமரேசன், தோட்டப் பராமரிப்புன்னு இருக்கு.”

குமரேசன் என்னைப் பார்த்தார், வரதன் சாரைப் பார்த்தார், கடைசியில் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். “தோட்டமா? இந்த ஸ்கூல்ல தோட்டம் எங்க மேடம் கீது?”

பிறகு தன் அறைக்கு ஓடிப்போய்க் கண்ணாடிச் சட்டத்தோடு சான்றிதழை எடுத்து வந்தார். “படிச்சது பத்தாவது மேடம். இங்கிலீஸ் மட்டும் நின்னுபோச்சு. ஆனா இது கீது பாருங்க. கம்பெனிக்காரங்க குடுத்தது. இத மாட்டிக்கினா வைத்தியம் பாக்கலாம்னு சொன்னாங்க.”

அம்மையார் அதை மெதுவாகப் படித்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில், “மதியம் சாப்பாடு போட்டாங்களா?” என்று கேட்டார்.

“பிரியாணி மேடம்.”

“நீங்க இழுத்த பொண்ணுக்கு எலும்பு விரிஞ்சிருக்கு. தெரியுமா?”

குமரேசனின் முகம் விழுந்துவிட்டது. “சுளுக்குத்தானே… அந்தப் புள்ள காய்ச்சல்னால வரலனு சொன்னாங்க.” என் பக்கம் திரும்பினார். “மெய்யாவா மிஸ்? யாரும் எங்கிட்ட சொல்லவேயில்லியே.”

ஆமாம், யாரும் சொல்லவில்லை. பிள்ளையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனவள், சான்றிதழைத் திருட்டுத்தனமாகப் படித்தவள், கல்வித் துறைக்கு நாகரிகம் கருதிக் கடுதாசி அடித்தவள், பத்தடி தூரத்திலிருந்த அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் செய்தது தப்புதான், நான் எழுதியதும் சரிதான். ஆனாலும் அந்த நிமிஷம் அந்த அறையில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணை முடிந்தது. பள்ளிக்குக் கடுமையான எச்சரிக்கை. வாரத்துக்கு இரண்டு நாள் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வர ஏற்பாடாயிற்று. பொய்ப் பதிவேடு எழுதியதற்காக வரதன் சார் பதவியிழந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கும் ஒரு மெமோ வந்தது. ஜீப்பில் ஏறும்போது அம்மையார் என்னை அருகே கூப்பிட்டு, “அந்தக் கடிதத்தை எழுதினவங்களை உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, அடுத்த தடவை பேரை எழுதணும்னு” என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? எனக்கு இன்னும் குழப்பம்தான்.

குமரேசன் அன்றே வேலையை விட்டார். தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, என் ஆய்வுக்கூட வாசலில் நின்றார். “மிஸ், உங்களப் போட்டுக் குடுத்தது யாருன்னு கண்டுபுடிக்காம வுடமாட்டேன்.”

தமிழ்ச்செல்விக்குக் கால் சரியாகி, அடுத்த வருஷம் மறுபடியும் ஆடினாள். நான் கல்யாணம் ஆகி வேறு பள்ளிக்குப் போய்விட்டேன். நான்கைந்து வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கணவரோடு பூந்தொட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, “மிஸ்!” என்று ஒரு குரல். குமரேசன்.

“கேளம்பாக்கத்துல ஸ்கூல் வேன் ஓட்டறேன் மிஸ்” என்றவர், நான் கேட்காமலேயே பர்ஸைத் திறந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். “படிச்சிப் பாருங்க. ஒரிஜினல்.” படித்தேன். ஒரிஜினல்தான்.

“அந்த லெட்டர் போட்டவன இன்னும் தேடிகினுதான் கீறேன் மிஸ்” என்றார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. “குமரேசன் சார், அதை எழுதினது நான்தான்.”

அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். “உங்க மேல நீங்களே எழுதிக்கினீங்களா? யாருகிட்ட மிஸ் கத வுடறீங்க? உங்களுக்கு இளகின மனசு. அவனக் காப்பாத்தப் பாக்கறீங்க. எனக்குத் தெரியும், நம்ம ஸ்கூல்ல லேப் சாவிக்கு உங்களோட சண்ட போடுவாரே, அந்த கெமிஸ்ட்ரி சார்தான்.”

எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. ‘பேஜாராக்காதீங்க மிஸ்’ என்று என் கணவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

என் கணவர் வீடு வந்து சேரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்தத் தப்பை ஒப்புக்கொண்டாலும் எடுபடுவதில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது, நான்தான் என்றால், “நீயா? இருக்காது, கெமிஸ்ட்ரி சார்” என்கிறார். என் மகள் டம்ளரை உடைத்துவிட்டு, “கெமிஸ்ட்ரி சாரும்மா” என்கிறாள். ரஃபீக் அண்ணன் வந்தால் முதல் கேள்வி, “கெமிஸ்ட்ரி சார் சௌக்கியமா?”

போன மாதம் தாம்பரம் ரயில் நிலையத்தில் நிஜ கெமிஸ்ட்ரி சாரைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைத்து, பேரனின் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.