பிறகென்ன அக்காவும் பத்தாவது வரியும்

திருகோணமலையில் ஒரு பால் தேத்தண்ணி வாங்கி வருவதற்கு ஒன்றரைப் பக்கத்தில் வழிமுறை எழுதிய ஒரே பிறவி எங்கள் பிறகென்ன அக்காதான். கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது, சீனி கூடினால் யாரிடம் சொல்வது, கை சுட்டால் கோப்பையை எங்கே வைப்பது, எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி: "கொண்டு வந்து குடுத்தாப் பிறகு நில்லுங்கோ. இன்னொருக்காப் போகாதேங்கோ."

துறைமுக வீதியில் ஒரு மாடி அறை, ஆறு கதிரை, ஒழுகுகிற ஏசி ஒன்று. அதுதான் எங்கள் கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் நெட்வேர்க் சிமுலேட்டருக்கு நாங்கள் கைநூல் எழுதினோம். இல்லாத கணினிகளை இருப்பதாக வைத்து, அவற்றுக்கிடையே இல்லாத வயரை இழுத்து, தகவல் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் மென்பொருள் அது. முன்பு மனிதர்கள் பாவித்தார்கள். இனி ஏஐ ஏஜென்ட் பாவிக்கப் போகிறது. கைநூலைத் தானே வாசித்து, தானே கட்டளை கொடுத்து, தானே விடையும் சொல்லும். ஆக, இல்லாத நெட்வேர்க்கைப் பற்றி முகமில்லாத ஒரு ஆளுக்கு எழுதுவது எங்கள் பிழைப்பு.

கைநூல் சோதனையில் தோற்றால் அறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கொழும்புக்கு வர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். நாலு வருஷம் கொழும்பில் வாடகை அறையில் பருப்பும் பாணும் தின்றுவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி எட்டு மாதம்கூட ஆகாதவன் நான்.

அக்கா அதற்கு முன் இன்டர்நெட் பழுது கேட்கும் தொலைபேசியில் பத்து வருஷம் இருந்தவர். "பச்சை லைட் எரியுதோ எண்டு கேட்டனான். ஓம், எரியுது எண்டார். முக்கால் மணித்தியாலம் கதைச்சம் தம்பி. கடைசியிலை பாத்தால், அந்தாள் குசினிக்கை நிண்டு பிரிட்ஜைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்!" அன்றிலிருந்து அக்கா யாரையும் நம்பவில்லை. முக்கியமாக, தான் சொன்னது மற்றவருக்கு விளங்கியிருக்கும் என்று நம்பவே இல்லை.

நாங்கள் எழுதியதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர்தான் ஏஜென்ட். கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் கேட்பார்: "செய்தாச்சு. பிறகென்ன?" பெயர் வந்தது அப்படித்தான்.

"பிறகென்ன, விடை வரும் அக்கா."

"வராட்டில்?"

அவரோடு ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் குடாவுக்கு அந்தப் பக்கமுள்ள கட்டைபறிச்சானுக்கு நடந்தே போய் வந்துவிடலாம்.

ஒருநாள் கிண்ணியாவுக்கு வழி கேட்டு ஒரு லொறிக்காரர் வாசலில் நின்றார். அக்கா விடுவாரா? ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். பாலம் வந்தால் சரி. மான்களைக் கண்டால் கோட்டைப் பக்கம் போய்விட்டீர்கள், திரும்பி வாருங்கள். கோட்டையில் வாழ்கிற எங்கள் ஊர் மான்கள் யாரைக் கேட்டு நடமாடுகின்றன? அன்றைக்கு அவை கிண்ணியா போகிற வழியிலேயே, பஸ் நிலையத்தடியில் படுத்திருந்தன. லொறிக்காரர் சொல்வழி கேட்கிற மனிதர். மூன்று தரம் திரும்பி வந்தார். மூன்றாம் தரம், "அக்கா, நான் கிண்ணியாவுக்குக் கட்டாயம் போகத்தான் வேணுமோ?" என்றார்.

நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "அந்தாளிலை பிழையில்லை. நான் எழுதினதிலைதான் பிழை" என்று துண்டை வாங்கிக் கிழித்தார். அன்றே கைநூலில் ஒரு விதி ஏறியது: இடம் மாறும் எதையும் அடையாளமாக வைக்கக் கூடாது.

இப்படியே கைநூல் நாற்பது பக்கமானது. கட்டளைகள் மட்டும் ஆங்கிலம், மீதி அக்காவின் பேச்சுத் தமிழ். ஏஜென்டை 'நீங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று வேறு பிடிவாதம். "முகம் தெரியாத ஆளை நீ எண்டு சொல்லுறதே?" அதை ஆங்கிலமாக்குவது என் பொறுப்பு. நான் ஆக்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, நாலே பக்கத்தில் நானே அழகாக எழுதினேன். "விடை பத்தாவது வரியில் உள்ளது." என்ன சுருக்கம்! எனக்கே என்னைப் பிடித்துப் போயிற்று. அக்காவுக்கு வாசித்துக் காட்டாமல் அதையே சோதனைக்கு அனுப்பிவிட்டேன்.

சோதனை நாளன்று வாடிக்கையாளர் அம்மையார் திரையில் தோன்றினார். சிமுலேட்டரின் புதிய பதிப்பு அன்று காலைதான் வந்ததாம், அதிலேயே பார்ப்போம் என்றார். புதிய பதிப்பு மரியாதை தெரிந்தது. வரிவரியாகத் தான் தரும் அறிக்கையின் தொடக்கத்தில் 'நல்வரவு' என்று ஒரு வரி கூடுதலாகச் சொன்னது. எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்க, பத்தாவது இடத்தில் வேறேதோ ஓர் எண் வந்து குந்திக்கொண்டது. ஏஜென்ட் அதை எடுத்து, கொஞ்சமும் தயங்காமல் அறிவித்தது: அனுப்பிய தகவல் பொதிகள் நூறு, வழியில் தொலைந்தவை நூற்றெழுபது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கொழும்புப் பருப்பு மணத்தது. பின்னாலிருந்து அக்கா ஒரேயொரு சொல் சொன்னார்.

"மான்."

வேறு பிரதி இருக்கிறதா என்று அம்மையார் கேட்டார். நான் வாய் திறக்குமுன் முதலாளி நாற்பது பக்கத்தையும் அப்படியே தமிழில் ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு எல்லாப் பாஷையும் ஒன்றுதானாம். அக்கா எழுதியிருந்தது இதுதான்: தொலைந்த பொதி என்ற பெயரைத் தேடுங்கோ, எந்த வரியிலை இருந்தாலும் சரி. காணாட்டில் நில்லுங்கோ, நினைச்சபடி சொல்லாதேங்கோ. வேலை முடிஞ்சதும் எங்களைக் கேளுங்கோ.

ஏஜென்ட் தேடியது, கண்டுபிடித்தது. நூற்றில் நாலு தொலைந்தது என்று சரியாகச் சொன்னது. பிறகு நல்ல தமிழில் பணிவாகக் கேட்டது: "செய்து முடித்துவிட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும்?"

அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாத்தீங்களே தம்பி, பிறகென்ன எண்டு கேக்குது!"

அறை பூட்டப்படவில்லை. நான் இன்னும் லிங்கநகரில் என் வீட்டுச் சோறு தின்கிறேன். ஆனால் போன ஆவணியில் அக்காவின் கணவருக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வர, அக்காவும் போய்விட்டார். போகும்போது எனக்கென்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஏசி ஒழுகினால் வாளியை எங்கே வைப்பது, முதலாளி கோபித்தால் எப்போது வாய் திறப்பது. கீழே கடைசி வரி: "பிழைச்சால் பயப்பிடாதேங்கோ தம்பி. பிழை உங்களிலை இல்லை, நான் எழுதினதிலைதான் இருக்கும்."

அவர் இல்லாதது கவலையாக இருக்கிறது என்று எழுத வெட்கம்தான், எழுதிவிட்டேன். அந்த நாற்பது பக்கத்தையும் ஒரு வரி வெட்டாமல் ஆங்கிலமாக்கி முடித்த அன்று, அவருடைய வெறுங்கதிரைக்கு முன்னால் நின்று உரக்க வாசித்தேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் கொஞ்சம் நின்று பார்த்தேன். பிறகென்ன என்று கேட்க ஆளில்லை.