ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்த தெரு

எனக்கு எழுத்து வராது. வாய் வரும். இரண்டில் ஒன்றுதான் என்று சாமி கணக்குப் போட்டிருந்தால், எனக்குக் கொடுத்ததைக் கொஞ்சம் குறைத்தே கொடுத்திருக்கலாம். அந்த வாயால்தான் ஒரு ஆடி மாதம், ஓடாத ஒரு கம்ப்யூட்டர் சென்டரை இழுத்து மூடப் பார்த்தேன். பெற்ற மகளின் வேலையைக் கெடுக்கப் பார்த்தேன். கட்டின புருஷனின் வயதை மைக்கில் சொன்னேன். எல்லாம் ஒரே மத்தியானத்தில். (நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். சிரித்துக்கொண்டே தட்டுவதால் பிழை இருந்தால் அவள் பொறுப்பு.)

நாங்கள் இருந்தது திருவேற்காட்டுக்கும் அம்பத்தூருக்கும் நடுவில். தெருவில் முக்கால்வாசி ஆம்பளைகளுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பேக்டரிகளில் வேலை. எங்கள் மகள் வசந்தா பி.காம். முடித்துவிட்டு அம்பத்தூரில் சைக்கிள் கடை மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். முதல் நாள் சோற்று டப்பா கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே சில்லென்று இருந்தது. யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. மிஷினுக்குப் போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வசந்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ராத்திரி பூண்டு உரித்துக்கொண்டே அவளிடம் பாடம் கேட்பேன். கம்ப்யூட்டருக்குப் பல பாஷையாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு நல்லதாம். கோபோல் என்று ஒன்று. அதில் இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்வதற்கு முன், எழுதினது யார், மிஷின் எது, சாமான் என்னென்ன என்று எல்லாவற்றையும் முதலில் சொல்ல வேண்டுமாம்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரின்னு சொல்லு. இன்னார் பேத்தி, இன்னார் பொண்ணுன்னு போயி கடைசியிலதான் முகூர்த்தம் வரும்" என்றேன்.

"அதேதாம்மா. ஆனா ஆயிரம் பேருக்குச் சம்பளக் கணக்கு போடணும்னா அதுதான். அசராது."

பேசிக் என்று இன்னொன்று. அது வா, உட்காரு, சாப்பிடு என்பது போல நேராக விஷயத்துக்கு வரும். புதுசாகக் கற்பவர்களுக்கு லேசு. ஆனால் மெதுவாகத்தான் ஓடும். விஷயம் நீண்டுவிட்டால் இங்கே தாவி அங்கே தாவி, எங்கே போனோம் என்று எழுதினவளுக்கே தெரியாதாம். (என்னைப் போல. பார்த்தீர்களா, கூழ் ஊற்றின கதையைச் சொல்ல வந்து கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டேன்.)

"சரிதான், தோசைக்கல்லுல இட்லி வேகாது" என்று சொல்லிவிட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பு.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஆவணியில கல்யாணத்த முடிச்சுரலாம். பொம்பளப் புள்ள மாடிப்படி ஏறி இன்னாத்த கத்துக்கப் போவுது?" என்பார். வசந்தாவுக்கோ அதே சென்டரில் டீச்சராக வேண்டும் என்று ஆசை. சென்டரை நடத்திய சாருக்கும் ஆசைதான். ஆனால் சேர்ந்திருந்ததே ஏழெட்டு பேர். இருக்கிற டீச்சருக்கே வேலையில்லை.

அப்போதுதான் சாருக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும்போது ஊரே கூடும். அங்கே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து இலவசமாக ஜாதகம் சொன்னால், ஜனங்கள் மிஷினைப் பார்ப்பார்கள், பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். "கூட்டம் சேர்ந்தா அடுத்த பேட்ச் வசந்தாவுக்கு" என்றார். வசந்தா பழைய பஞ்சாங்கங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசிக்கில் ஜாதகம் எழுத உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். "ஆவட்டும். கூட்டம் சிரிச்சிதுன்னா அன்னிக்கே மாப்ள ஊட்டுக்குச் சொல்லி அனுப்புவேன்."

மகள் எழுதட்டும், கூட்டத்தை நான் சேர்க்கிறேன் என்று இறங்கினேன். வீடு வீடாகப் போனேன்.

"கன்னிம்மாக்கா, ஜாதகம் சொல்லணும்னா பொறந்த தேதி வோணுமே. எங்கம்மா எழுதி வெச்சாளா இன்னா?" என்று கேட்டாள் சரோஜா. தெருவிலேயே சத்தமான குரல் அவளுடையது. அவள் புருஷன் முனுசாமி என் வீட்டுக்காரரோடு ஒரே பேக்டரி.

"பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டு எடுத்துகினு வா. அதுல கவர்மென்ட்டு சீலே கீது. அதவுட இன்னா வோணும்?"

"நேரம்?"

"தெரியாதுன்னு சொல்லு. மிஷினு பாத்துக்கும்."

இப்படியே தெரு முழுக்கச் சொன்னேன். படிக்கத் தெரியாதவளுக்குக் காகிதம் என்றால் பயபக்தி. சீல் இருந்தால் அது வேதம்.

அந்த சர்ட்டிபிகேட்டுகளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் போதுமான பிள்ளைகள் இல்லை. மேலதிகாரி வரப் போகிறார் என்று ஹெட்மாஸ்டர் தெருத் தெருவாக வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்றாம் வகுப்பு, மீசை அரும்பப் பார்க்கிறவனும் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதி கேட்டால், "ஏரி ஒடைஞ்சப்போ இவன் கைக்கொழந்த", "கருப்பு ஆடு குட்டி போட்ட மறுநாளு" என்றார்கள். ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே வருஷம், ஒரே ஜூன் ஒண்ணாம் தேதி என்று எழுதிவிட்டார். நான் மட்டும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதனால்தான் எனக்கு எழுத்தும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை.

இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். தெருவுக்கே தெரியும். ஆனால் அதுவும் இதுவும் ஒன்றாக இடிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சீல் அப்படி மின்னியது.

கூழ் ஊற்றும் நாளும் வந்தது. வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே மேசை போட்டு மிஷினை வைத்தார்கள். வசந்தா உட்கார்ந்தாள். கோயில் மைக்செட்காரரின் பலகையிலிருந்தே கரண்ட். அந்தக் காலத்தில் அந்த மிஷினிலிருந்து தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷில்தான் அச்சாகும். அதைச் சென்டர் சார் மைக்கில் தமிழில் சொல்வார். வரிசையை நான் ஒழுங்கு பண்ணினேன். "தள்ளாதீங்க, எம்பொண்ணுதான், எல்லாருக்கும் உண்டு!"

முதலில் முனுசாமி. சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தார். வசந்தா தேதியைத் தட்டினாள். நேரம் தெரியாது என்றார். அவள் ஒன்றும் தட்டாமல் அடுத்த பொத்தானை அமுக்கினாள். அச்சு மிஷின் பழைய புடவை கிழிவது போல் கத்திக்கொண்டு காகிதத்தைத் துப்பியது.

"சாந்த குணம் உடையவர்" என்று சார் மைக்கில் படித்தார். "நீரில் ஒரு கண்டம் தாண்டியவர். அதிகம் பேசாத மனைவி அமைவாள்."

முனுசாமி கொரட்டூர் ஏரியில் விழுந்து பிழைத்தவர். கூட்டம் "அம்மா தாயே" என்றது. சரோஜா அதிகம் பேசாதவள் என்றதும் விசில் பறந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்தது ஏகாம்பரம். முனுசாமிக்கும் அவருக்கும் சுவர்த் தகராறு. பல வருஷமாகப் பேச்சே இல்லை.

"சாந்த குணம் உடையவர். நீரில் ஒரு கண்டம் தாண்டியவர். அதிகம் பேசாத மனைவி அமைவாள்."

கூட்டம் லேசாக முணுமுணுத்தது. "அவனுக்கும் எனக்கும் ஒரே ஜாதகமா? நான் ஏரிப் பக்கமே போனதில்லியே" என்றார் ஏகாம்பரம். வசந்தாவுக்கு அப்போதே சந்தேகமாம். ஆனால் பின்னாலிருந்து கை கையாகக் காகிதம் நீள்கிறது. மூன்றாவது காகிதத்தைத் தட்டும்போதுதான் தேதி உறைத்தது. அதற்குள் பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டாள். சார் கிழித்து எடுத்துவிட்டார்.

மூன்றாவது சரோஜா.

"சாந்த குணம் உடையவர். நீரில் ஒரு கண்டம் தாண்டியவர். அதிகம் பேசாத மனைவி..."

சார் நிறுத்திவிட்டார். ஆனால் மைக் நிறுத்தவில்லை. தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது.

"எனக்கு ஏதுய்யா பொண்டாட்டி?" என்றாள் சரோஜா. அவளுக்கு மைக்கே தேவையில்லை.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கூழ் அண்டா அதிர்ந்தது. "இன்னா மாமே, எல்லாருக்கும் ஒரே பாட்ட பாடுது!" "பொம்பள எழுதுன ஜாதகம், அதான் பொம்பளைக்கும் பொண்டாட்டி!" சென்டர் சார் முகம் வெளுத்துவிட்டது. மைக்கில், "மன்னிக்கணும், இது எங்க மாணவி எழுதினது, அதில் ஏதோ தவறு" என்றார். வசந்தா தலை குனிந்து மிஷினைப் பார்த்தபடி இருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் மகள் காதோரம் குனிந்தேன். "இன்னா கண்ணு ஆச்சி?"

"அம்மா, எல்லாருக்கும் ஒரே தேதிம்மா! நேரம் சொல்லலன்னா இது சைபர்னு எடுத்துக்கும். நடுராத்திரி பன்னெண்டு. தெருவே ஒரே நிமிஷத்துல பொறந்துருக்குது. ஆம்பளையா பொம்பளையான்னு கேக்க எனக்குத் தோணல, அது என் தப்பு. மத்தபடி கணக்கு சரிம்மா. நாம இன்னா சொல்றமோ அத அப்படியே நம்பும். அவ்ளோதான் இதுக்குத் தெரியும்."

அதைக் கேட்டு மைக்கைப் பிடுங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கில் என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. அதுதான் வினை.

"தோ, கேளுங்க! எம்பொண்ணு மேல தப்பு இல்ல! ஹெட்மாஸ்டரு எல்லாருக்கும் ஒரே தேதி போட்டாரா இல்லியா? மிஷினு அத நம்பிச்சி. சந்தேகம்னா எங்க ஊட்டுக்காரர எடுத்துக்கங்க. காகிதத்துல அவரும் முனுசாமியும் ஒரே வயசு. ஆனா முனுசாமி ஒண்ணாங் கிளாசுல ஒக்காந்தப்போ இவுரு பக்கத்துல ஒக்காந்து சவரம்..."

மைக் செத்தது. மிஷினும் செத்தது. என் வீட்டுக்காரர் பலகையிலிருந்து பிடுங்கிய ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "இன்னாடி பேசுற! வேல போயிடும்டி!"

பேக்டரியில் அவர் வயது அந்த சர்ட்டிபிகேட்டு வயதுதான். அவர் நிஜ வயது வெளியே வந்தால் பேக்டரியில் அப்போதே ரிட்டயர் ஆக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது.

"அண்ணாத்தே, நெசமா? இல்ல, பொண்ணு தப்பா எழுதிட்டு அக்கா சமாளிக்குதா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

அவர் என்னைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். பிறகு வசந்தாவைப் பார்த்தார். அவள் இருண்டுபோன மிஷின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையும் தப்பும், கல்யாணமும் நடக்கும்.

"எம்பொண்ணு கணக்கு சரி" என்றார். "என் தேதிதான் பொய்யி."

மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

முனுசாமி ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினார். "மெதுவாண்ணே, சூப்பர்வைசர் அங்க கூழு வாங்கிகினு நிக்கிறாரு!" எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சூப்பர்வைசர் சொம்பை இறக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மைக்கு கட்டாயிடுச்சு, எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. எனக்கும் ஜூன் ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு யாரும் வசந்தாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏகாம்பரம் முனுசாமியைக் கட்டிக்கொண்டு, "ரெட்டப் புள்ளைங்கடா நாம, செவுத்த இடிச்சிருவமா?" என்றார். (இடிக்கவில்லை. இன்றும் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து பேச்சு இருந்தது.)

மறுவாரம் சைக்கிள் கடை மாடிப்படியில் முதலில் ஏறியது சரோஜா, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. "சாரு, அன்னிக்கு மைக்குல தப்புன்னீங்களே, அந்தப் பொண்ணுகிட்டதான் எம்பொண்ணு படிக்கும்." அவள் பின்னால் தெருவே ஏறியது. ஆவணி வந்தது; வசந்தா டீச்சரானாள். பிறந்த தேதியோ நேரமோ தட்டாமல் வெறுமனே விட்டால் மிஷின் நகரவே கூடாது, தெரியாது என்று சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும் என்பதுதான் அவள் பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் பாடமாம். கல்யாணம் அவள் சொன்னபோது நடந்தது.

எங்கள் வீட்டில் யாராவது எதையாவது விசாரிக்காமல் நம்பினால், "ஜூன் ஒண்ணா?" என்று கேட்போம். மருமகன் முதலில் முழித்தார். இப்போது அவர்தான் அதிகம் கேட்கிறார். என் வீட்டுக்காரர் முடி முழுக்க நரைத்து, முட்டி தேய்ந்து, அந்தப் பொய் வயதுப்படியே ரிட்டயராகி வந்த அன்று, கழுத்தில் மாலையோடு என்னைப் பார்த்து, "அந்த மைக்கு மட்டும் வேல செஞ்சிருந்தா நான் எப்பவோ ஊட்டுக்கு வந்து காலு நீட்டியிருப்பேன். கெடுத்தவன் நாந்தான்" என்றார்.

சில வருஷம் முன்னால் அடையாள அட்டை எடுக்கப் போனேன். அங்கே இருந்த பெண் தேதி கேட்டாள். இல்லை என்றேன். "ஏதாவது போடணும் பாட்டி, வெறுமன வுட்டா இது நகராது" என்றாள். உடனே வசந்தாவுக்கு போன் போட்டேன்: "கண்ணு, மிஷினு ஒம்பாடத்த பாதி கத்துகிச்சி!" ஆனால் தெரியாது என்று சொல்ல அதில் வழி இல்லை. அந்தப் பெண்ணே ஜனவரி ஒண்ணு என்று போட்டுவிட்டாள்.

அதனால் இப்போது ஒவ்வொரு வருஷமும் சரியாக நடுராத்திரி பன்னிரண்டுக்கு ஊரெல்லாம் வெடி வெடிக்கும்போது பேத்தி என்னை உலுக்கி எழுப்புகிறாள்.

"ஆயா, ஒனக்குத்தான் வெடிக்கிறாங்க. நேரம்கூட சரியா கீது, சைபர்!"