ஊர் கெடாமலிருக்கப் படிப்பவர்

நாவல் படிப்பவர்களில் பல ரகம் உண்டு. விம்மி அழுகிறவர்கள், மயங்கிச் சாய்கிறவர்கள், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற அயோக்கியர்கள். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்தது வேறொரு பிராணியைப் பற்றி. நாவல் என்றாலே காறித் துப்புவார். ஆனால் ஊரில் வேறு யாரும் கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற ஒரே காரணத்துக்காக, வருகிற நாவலையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்துத் தான் ஒருவர் மட்டும் கெட்டுப்போகத் தயாராக இருப்பார். தியாகி, ஐயா, தியாகி!

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். "ஒரு பக்கத்துக்கு மேல தாங்கலைங்க" என்பார். அந்தத் தாங்காத பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்பதையும் அவரே சொல்வார். விஷம் வைக்கிற கட்டம் வந்தால் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும். விரல் மட்டும் அடுத்த பக்கத்தில் தயாராகச் செருகியிருக்கும். எங்கள் யார்க்ஷயர் ஊர்ப் பாதிரியாரும் இந்த இனம்தான். ஒரு நாவலைக் கண்டித்து நாலு ஞாயிறு தொடர்ந்து பிரசங்கம் செய்தார். கண்டிக்க வேண்டுமானால் கதையைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? ஒவ்வொரு ஞாயிறும் கதாநாயகியைக் கத்திமுனையில் நிறுத்திவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவார். அப்படியொரு கூட்டத்தைக் கோவிலில் நான் கிறிஸ்துமஸுக்குக்கூடப் பார்த்ததில்லை.

ஆனாலும் என் அக்கா புருஷன் ஒபதாயா கார்பட்டுக்கு முன்னால் பாதிரியார் வெறும் கத்துக்குட்டி. அத்தானுக்குத் துணிக்கடை. நான் அவர் வீட்டில் ஒண்டிச் சாப்பிடுகிறவன், ஆகவே எல்லாவற்றையும் கிட்டத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் எனக்கு.

போன மாதம் லண்டன் வாடகை நூலகத்திலிருந்து, படித்துத் திருப்பி அனுப்ப வேண்டிய புத்தகப் பெட்டியில், ஒரு விதவைச் சீமாட்டியைப் பற்றிய மூன்று பாக நாவலை அக்கா துருசில்லா வரவழைத்தாள். அத்தான் முதல் பாகத்தை நின்றபடியே புரட்டினார். முக்காடு, கல்லறை, சவப்பெட்டி! "குடும்பப் பொம்பளைங்க கையால தொடக்கூடாத வஸ்து! மூணையும் திருப்பி அனுப்பு!" என்று கத்தினார். திங்கட்கிழமை பெட்டியைக் கட்டப் போனால் இரண்டு பாகம்தான் இருந்தது. மூன்றாவதைக் காணோம்.

எங்கே போயிருக்கும்? ஒரு வாரமாக அத்தான் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பிரசங்கத் தொகுப்பின் அட்டைக்குள் எதையோ வைத்துப் படித்து வியர்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கம் படித்து வியர்க்கிற மனிதரா அவர்? எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"நீங்க பார்த்தீங்களாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நானா? அந்தக் குப்பையையா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றம் யாரை விட்டது? "சமையற்கட்டுல கேளு. கெசியாதான் எடுத்திருப்பா" என்று சொல்லிவிட்டார். சொன்னபின் பின்வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லையா?

கெசியா எங்கள் சமையல்காரி. அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டு அடுப்போடு மல்லுக்கட்டுகிறவள். கை நிறைய மாவோடு வந்து நின்றாள்.

"திருடினேன்னு சொல்றீங்களா ஐயா?"

"ஒத்துக்கிட்டா மரியாதை. இல்லேன்னா சனிக்கிழமையோட கிளம்பு. நற்சான்றும் கிடையாது."

நற்சான்று இல்லாத வேலைக்காரியை யார்க்ஷயரில் யாரும் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அவள் எங்கே போவாள்? கெசியா அழவில்லை, துடைத்த கையையே இடுப்பில் கட்டிய சமையல் துணியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அத்தான் கெட்டவர் இல்லை, அனாதை விடுதிக்குக் கம்பளி கொடுக்கிற மனிதர். ஆனால் 'நான்தான் படித்தேன்' என்று சொல்வதைவிட, ஒரு பெண்பிள்ளையைத் தெருவில் விடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. இந்த இனம் அப்படித்தான்.

அக்கா பின்னல் ஊசியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"போகட்டும் விடுங்க. அந்த முடிவு தெரியாம என்ன குடி முழுகிப்போச்சு? பாதிரியார் சம்சாரம் சொல்லிட்டாங்க. விதவை ஆத்துல விழுந்து செத்துடறாளாம். சவப்பெட்டியத் தோண்டிப் பார்த்தா புருஷன் பொணம் பத்திரமா இருக்காம். அவ்வளவுதான் கதை. சப்புன்னு போச்சு."

"சப்புன்னா?"

"ஆமா, சப்புன்னு."

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். பைக்கடிகாரச் சங்கிலியைத் திருகினார். தொண்டையைக் கனைத்தார். உதட்டைக் கடித்தார். பாவம், முடியவில்லை.

"பொணமாவது மண்ணாவது! பெட்டியில இருந்தது செங்கல்! செங்கல், துருசில்லா! புருஷன்காரன் உயிரோட இருக்கான்! அவன்தான் ஊமைத் தோட்டக்காரனா வேஷம் போட்டுக்கிட்டு..."

அப்போதுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது போலிருக்கிறது.

"அடப்பாவி, அந்த ஊமையா?" என்றாள் கெசியா.

"உனக்கெப்படி ஊமையத் தெரியும்?"

"முதல் ரெண்டு பாகத்தையும் நான்தான் சமையற்கட்டுல அவளுக்குப் படிச்சுக் காட்டினேன்" என்றாள் அக்கா. "மூணாவதுக்குத்தான் ரெண்டு பேரும் தவிச்சுக்கிட்டிருந்தோம்."

அத்தான் அவசரமாக, "கண்டிக்கணும்னா என்ன எழுதியிருக்குன்னு பார்க்க வேண்டாமா?" என்று ஆரம்பித்தார். கெசியா விடவில்லை.

"அதெல்லாம் அப்புறம் ஐயா. திருடின்னீங்களே, அதுக்கு முதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க."

காது மடல் சிவக்க, "தப்புதான் கெசியா. மன்னிச்சுக்க. நீ எங்கயும் போக வேண்டாம்" என்றார் அத்தான். அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றுதான்.

அன்று சாயங்காலமே சமையற்கட்டில் நாற்காலி போட்டு மூன்றாம் பாகத்தை அத்தானையே படிக்க வைத்தார்கள். என்ன ஏற்ற இறக்கம், என்ன நடுக்கம்! ஆனால் ஒவ்வொரு கொலைக்கும் நிறுத்தி, "இதெல்லாம் நாட்டை எங்க கொண்டுபோய் விடுமோ" என்று தலையிலடித்துக்கொண்டார்.

"திட்டுறதைச் சீக்கிரம் முடிங்க ஐயா, மாவு காயுது" என்றாள் கெசியா.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். அடுத்த வீட்டுச் சமையற்கட்டு வம்பெல்லாம் உங்களுக்கு ஆகாது. வீட்டில் பிள்ளைகள் கையில் இது கிடைத்தால் என்ன ஆவது என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், தெரியும். ஒரே ஒரு சோதனை வைக்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருங்கள் பார்ப்போம்: அந்தச் சவப்பெட்டியில் இருந்தது பிணம்தான்.