இன்டர்காம் நன்றாக வேலை செய்கிறது

நாக்கை முழுசாக வெளியே நீட்டி, லிஃப்ட்டுக்குள் இருந்த கண்ணாடியில் அதன் அடிவரைக்கும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது மாடியில் கதவு திறந்துகொண்டது.

வெளியே, மார்போடு ஃபைலை அணைத்தபடி ஒரு அம்மாள்.

"ரிப்பேரா?" என்றார்.

"ஆ... ஆ..." என்றார் மெக்கானிக். நாக்கு இன்னும் வெளியில்தான் இருந்தது.

"லிஃப்ட்டா, நீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அம்மாள் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். மெக்கானிக் கதவை மூடிவிட்டு மறுபடியும் நாக்கை நீட்டினார். சந்தேகமே இல்லை, வெள்ளையாகத்தான் இருந்தது. 'வெள்ளை நாக்கும் ஓர் அறிகுறி' என்று காலையில்தான் செல்போனில் படித்திருந்தார். சோர்வு என்று போட்டிருந்தது, சோர்வாக இருந்தது. வியர்வை என்று போட்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏணியில் ஏறி இறங்கியதால் வந்த வியர்வை அது என்று எடுத்துச் சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை.

விஷயம் நேற்று இரவு நடந்தது.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அக்கா வீட்டு மாடி அறையில் ஜாகை. சில மாதங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கதவிடுக்கு வழியாக, "பயப்படாதீங்க டீச்சர், கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது" என்று இவர் தைரியம் சொல்ல, "கயிறு அறுந்திருக்கா?" என்று அவர் அலற, அப்படித் தொடங்கியது பழக்கம். பிறகு டீ. பிறகு காரில் ஒரு சுற்று. நேற்று டீச்சர் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கும் பிறகு நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கிழிஞ்சிருக்கு போல," என்றார் மெக்கானிக், ஆணுறையைப் பார்த்து.

"ஆமா போல," என்றார் டீச்சர்.

"பரவால்ல."

"பரவால்ல, பரவால்ல."

பஸ்ஸில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துவிட்ட மாதிரி, இரண்டு பேரும் அத்தனை மரியாதையாகப் பேசிப் பிரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டீச்சர் மேல் சந்தேகமா? சேச்சே. தங்கமான மனுஷி. ஆனால் டீச்சருக்கு முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார்; அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஒருவருக்கு முன்னால் யார்? அந்த யாருக்கு முன்னால் யார் யார்? மெக்கானிக்கின் மனக்கண்ணில் ஒரு நீண்ட வரிசை நின்றது. அதன் கடைசியில் இருந்தவனுக்கு முகமே தெரியவில்லை. தன் பக்கமும் ஒரு வரிசை உண்டே என்று அவருக்குத் தோன்றவில்லை. வெளியூர்ப் பயிற்சி முகாமில் நடந்த அந்த ஒன்று? அது எப்பவோ. அதெல்லாம் சேர்த்தியில்லை.

காலையில் எழுந்ததும் முதல் காரியமாகத் தன் தட்டு, டம்ளர், துண்டு, சோப்பு எல்லாவற்றையும் எடுத்து மாடியில் தனியாக வைத்தார். அக்கா குடும்பமாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

இப்போது செல்போன் அடித்தது. அக்கா.

"டேய், தட்டைக்கூடத் தூக்கிட்டுப் போயிட்டியாமே? நான் என்னடா குறை வச்சேன் உனக்கு?" என்றாள் எடுத்த எடுப்பில், அழுகையோடு.

"குறையெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் சளி. ஒட்டிக்கற சளி. அதான் ஜாக்கிரதையா..."

"ஒட்டிக்கற சளியா? ஐயோ, உங்க மாமா நேத்து உன் துண்டுலதானே முகம் துடைச்சார்!" அழுகை அப்படியே நின்றது. "ஏங்க! ஏங்க! தள்ளியே நில்லுங்க, கிட்ட வராதீங்க!"

அந்தப் பக்கம் மாமா எதையோ தட்டிவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. மெக்கானிக் போனை வைத்தார். ஒரே ஒரு பொய். வீடே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

உடனே மறுபடியும் அடித்தது. டீச்சர்!

"என்ன மெக்கானிக், உடம்பு எப்படி இருக்கு?"

மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது அவர் உடம்பைப் பற்றி விசாரித்திருக்கிறாரா? இன்றைக்கு மட்டும் ஏன்?

"நல்லாத்தான் இருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். நீங்க ரத்த தானமெல்லாம் பண்றதுண்டா?"

"ரத்தமா?"

"இல்ல, ரத்தம் குடுத்தா செக் பண்ணுவாங்களே. அந்த மாதிரி எப்பவாவது செக் பண்ணியிருக்கீங்களான்னு... சரி விடுங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். நேர்ல."

"நேர்லயா?"

"போன்ல சொல்ற விஷயம் இல்ல."

லைன் துண்டிக்கப்பட்டது. துண்டித்தது மெக்கானிக்கின் கட்டைவிரல்தான். அவர் லிஃப்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முடிந்தது. டீச்சருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. சொல்ல முடியாமல் தவிக்கிறார். பாவம். இவரும் பாவம். எல்லாரும் பாவம்.

கடைசி முயற்சியாக, இந்த நோய்க்கென்றே இருக்கும் உதவி எண்ணைத் தேடிப் பிடித்தார். எங்கிருந்து பேசுவது? வெளியே நடைபாதையில் ஆள் நடமாட்டம். மோட்டார் அறையில் காதே செவிடாகும். இந்தக் கட்டடத்தில் நான்கு பக்கமும் மூடிய, ஆள் நுழைய முடியாத ஒரே இடம் அவர் இருந்த இடம்தான். லிஃப்ட்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டு, ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, லைன் விட்டு விட்டுக் கேக்குது."

"அது வந்து... நேத்து... கிழிஞ்சிடுச்சு."

"என்ன கிழிஞ்சது?"

"உறை."

"தலையணை உறையா?"

"ஆணுறைங்க! ஆ-ணு-றை!" என்று மெக்கானிக் கத்தினார். "கிழிஞ்சே போச்சு! எனக்கு எச்ஐவி வந்திருக்குமா? நாக்கெல்லாம் வெள்ளையா இருக்கு!"

"எப்போ நடந்தது?"

"நேத்து ராத்திரி!"

"அப்போ நாக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அறிகுறி ஒரே ராத்திரில வராது. காலையில பல் தேய்ச்சீங்களா?"

மெக்கானிக் யோசித்தார். பயத்தில் மறந்தே போயிருந்தது.

"இல்ல!"

"முதல்ல தேய்ங்க. இப்போ நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. ஒரு தடவையில தொத்தற வாய்ப்பு ரொம்பக் குறைவு. இருந்தாலும் தடுக்கறதுக்கு மாத்திரை இருக்கு. மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தேவையா இல்லையான்னு டாக்டர் பார்த்துச் சொல்லுவார். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கிளம்புங்க."

"மாத்திரை இருக்கா? நான் பிழைச்சுக்குவேனா?"

"நல்லாப் பிழைப்பீங்க. அப்படியே வந்திருந்தாலும் மருந்து சாப்பிட்டு எல்லாரையும்போல நீண்ட நாள் வாழலாம். தட்டு, டம்ளர்லயெல்லாம் ஒட்டாது. கிளம்புங்க!"

மெக்கானிக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. போனை வைத்துவிட்டு எழுந்தார். அப்போது லிஃப்ட்டின் சுவரிலிருந்தே ஒரு குரல் வந்தது. வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டியின் குரல்.

"சார்... இன்டர்காம் நல்லா வேலை செய்யுது சார்."

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார். அந்தக் கட்டடத்துக்கு அவர் வந்ததே பல நாளாகச் செத்துக் கிடந்த இன்டர்காமைச் சரி செய்யத்தான். சோதித்துப் பார்ப்பதற்காகப் பொத்தானை அழுத்தி மேலே டேப் ஒட்டியது அவரேதான். அக்கா போன் செய்ததற்கும் முன்னால்.

"எவ்வளவு நேரமா?" என்றார், சுவரைப் பார்த்து.

"ஒட்டிக்கற சளியிலயிருந்தே கேக்குது சார். அப்புறம் 'ரத்தமா?'ன்னீங்களே, அதுவும் கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் சார். நீங்கதானே டெஸ்ட் பண்ணும்போது ஸ்பீக்கர்ல போடச் சொன்னீங்க."

அங்கேயே, இரண்டு மாடிக்கு நடுவிலேயே குடியிருந்துவிடலாமா என்று மெக்கானிக் நினைத்தார். ஆனால் மாத்திரை அங்கே கிடைக்காது. கண்ணை மூடிக்கொண்டு கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினார்.

கதவு திறந்தது. லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் அசையாமல் நின்றது. ஃபைல் அம்மாளும் இருந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு கூட்டம் தானாக இரண்டாகப் பிளந்து வாசல்வரை வழிவிட்டது.

"இன்னும் நின்னுட்டு இருக்கீங்களே, ஓடுங்க!" என்றார் ஃபைல் அம்மாள்.

"வாசல்ல எனக்கு வந்த டாக்ஸி நிக்குது, அதுல போங்க. நான் வேற கூப்பிட்டுக்கறேன்," என்றார் டை கட்டிய ஒருவர்.

"சார், பல்!" என்று யாரோ ஒரு பெண் கைப்பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்து அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

மெக்கானிக் ஓடினார்.

ஆஸ்பத்திரியில், கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டியிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். கட்டடமே கேட்ட கதையை இந்த ஒருத்தரிடம் சொல்லத்தான் மெக்கானிக்குக் கூச்சமாக இருந்தது.

"என் நண்பர் ஒருத்தர் சிஸ்டர். அவருக்கு நேத்து ராத்திரி ஒரு சின்ன... கிழிசல்."

"அப்படியா? உங்க நண்பருக்கு எந்தக் கையில ரத்தம் எடுக்கட்டும்?"

மெக்கானிக் இடது கையை நீட்டினார்.

அன்றைய சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இது பழைய நிலைமையைத்தான் காட்டும், சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரைகளும் தந்தார். முதல் மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்கியதும் மெக்கானிக்குக் காற்றில் நடப்பதுபோல் இருந்தது. வெளியே வரும்போது நர்ஸ் கூப்பிட்டார்.

"அந்த இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் சோதிச்சு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா, உங்க மாத்திரையை டாக்டர் நிறுத்தினாலும் நிறுத்துவார்."

"எப்படி சிஸ்டர் கூப்பிடறது? உனக்கு வியாதி இருக்கான்னு ஒரு மனுஷியைப் பார்த்து எப்படிக் கேக்கறது?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. வாயைத் திறந்து கேக்கணும், அவ்வளவுதான்."

டீச்சரின் கார், பயிற்சிப் பள்ளி வாசலில் நின்றது. இரண்டு பக்கமும் பிரேக் வைத்த அந்தக் காரில், ஓட்டுநர் இருக்கையில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார், கண்கள் வீங்கியிருந்தன. மெக்கானிக் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த பேச்சு ஏறிய மாத்திரத்தில் மறந்துபோனது.

"டீச்சர், உங்களைத் தப்பா நினைச்சு சொல்லல. நீங்க தங்கம். எனக்கு நாக்கு வெள்ளையா இருந்துச்சு, ஆனா அது பல் தேய்க்காததாலதான். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ஒரே ஒரு ஊசி. எனக்காக இல்ல, நமக்காக. கோபமா?"

டீச்சர் அவரையே பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறாரா, அறையப்போகிறாரா? மெக்கானிக்கின் கால் தன்னையறியாமல் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேடியது.

"போலாம்," என்றார் டீச்சர்.

"எங்கே?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். இப்பவே."

கார் பறந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவில்லை. நெரிசலான பெரிய தெருவை விட்டுவிட்டு, பின்பக்கச் சந்தில் நுழைந்து, நேராக அந்தப் பிரிவின் வாசலிலேயே நிறுத்தினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு ஊரில் தெரியாத சந்து உண்டா என்று மெக்கானிக் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அதைவிடவும் அதிகமாகத் தன்னையே மெச்சிக்கொண்டார். எவ்வளவு பெரிய விஷயம்! எத்தனை பக்குவமாகப் பேசி, ஒரு சொல் கோபம் வராமல் கையோடு அழைத்து வந்துவிட்டோம்! டீச்சர் பயப்படக் கூடாதே என்று, நடைபாதையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் வேறு சொன்னார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. இங்க இருக்கிற சிஸ்டர் ரொம்ப நல்லவங்க. எனக்குத் தெரிஞ்சவங்கதான். நான் சொல்லிக்கறேன்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு வந்துவிட்டது. மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைத் தள்ளித் திறந்தார்.

நர்ஸ் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கோத்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்று டீச்சரிடம் சொன்னார்:

"காலையில 'அந்த ஆளுகிட்ட எப்படிக் கேக்கறது, எப்படிக் கூட்டிட்டு வர்றது'ன்னு அப்படி அழுதீங்களே மேடம், பாருங்க, எப்படியோ பேசி சாயங்காலத்துக்குள்ள இழுத்துட்டு வந்துட்டீங்க!"