எட்டாம் மாடிக்குச் சாட்சி

"நாளைக்கு லிஃப்ட்டோட எனக்குப் பந்தயம். நான் படியில ஏறுவேன். எட்டு மாடி. நடுவுல நின்னு ஷூ லேஸ் வேற கட்டுவேன். அப்பவும் நான்தான் முதல்ல!"

வரைபடக்காரர் மார்தட்டியதும் அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? ஆறு மாதத்துக்கு முன்புவரை கொட்டாவி விட்டாலே மூச்சிரைத்தவர்!

"இப்பவே வாயைக் கட்டுங்க. இல்லேன்னா வீட்டை வித்து என்கிட்ட கொண்டாந்து கட்டணும்" என்று இதய டாக்டர் மிரட்டிய அன்றே சிகரெட்டை விட்டார், எண்ணெய்ப் பலகாரத்தை விட்டார், லிஃப்ட்டையும் விட்டார். மிச்சமான காசில் மனைவிக்குத் தையல் மெஷின் வந்தது. "இவ்வளவையுமா ஊதித் தள்ளினீங்க?" என்று மிதிக்கும்போதெல்லாம் கேட்டாள்.

மேலாளர்தான் மசியவில்லை.

"படியில ஏதாவது ஆயிட்டா யாருய்யா பதில் சொல்றது? திங்கள்கிழமையிலேருந்து கீழ்த்தளத்துல பழைய வரைபடங்களைப் பார்த்துக்கோங்க."

கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது. இருபது வருடமாக வெளிச்சத்தில் கோடு போட்ட கை, அழுதுவடியும் ஒற்றை பல்பின் கீழ் தூசி தட்டுவதா?

"என் நெஞ்சு, என் காலு! ஜெயிச்சுக் காட்டினா?"

"உத்தரவைக் கிழிச்சுடறேன்" என்றார் மேலாளர், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. தினமும் வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்து, "ஏசி சரியில்ல!" என்று கத்துவது அவர் வழக்கம்.

மறுநாள் வரைபடக்காரர்தான் முதலில் வந்தார். மேலே ஈ காக்கை இல்லை.

"முன்னாடியே வந்து ஒளிஞ்சிருந்தீங்க" என்றார்கள், லிஃப்ட்டில் வந்தவர்கள்.

அதற்கடுத்த நாள், வரவேற்பறை அக்காவை மேலே சாட்சியாக நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு மகளிடமிருந்து போன். பேசி முடித்துத் திரும்பியவள், "நேத்திலேருந்து இங்கயேதான் நிக்கிறீங்களா?" என்றாள்.

வரைபடக்காரருக்கு ரத்தம் கொதித்தது. "மொத்த ஆபீசும் கீழேருந்து லிஃப்ட்ல வாங்கய்யா! கதவு திறந்ததும் என் மூஞ்சியிலதான் முழிப்பீங்க!"

ஏழு பேர் ஏறும் லிஃப்ட்டில் பதின்மூன்று பேர் நெருக்கியடித்து ஏறினார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே அது ஒரு முனகு முனகிவிட்டு நின்றது.

அவரோ புயலாக ஏறினார். ஏழாம் மாடியில் சொன்னபடி லேஸ் கட்டினார். எட்டாம் மாடியில் கையைத் தூக்கி நின்றார். கைதட்ட ஒரு ஜீவன் இல்லை.

நாற்பது நிமிடம் கழித்து மெக்கானிக் கதவைத் திறக்க, பிழிந்துபோட்ட துணிகளாக எல்லோரும் மேலே வந்து சேர்ந்தார்கள்.

"ஜெயிச்சுட்டேன்!"

"யாரு பார்த்தா? நாற்பது நிமிஷத்துல ஆமைகூட ஏறிடும்" என்றாள் அக்கா. "மேனேஜர் சார், நீங்களே சொல்லுங்க... சார் எங்க?"

"நம்மகூடத்தானே ஏறினார்?"

"இல்லையே! இடமில்லைன்னு கடைசி நேரத்துல வெளியில போயிட்டாரே."

படிக்கட்டுக் கதவு மெல்லத் திறந்தது. மேலாளர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு ஷூவும் கையில். சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"ஏழாவது மாடியில லேஸ் கட்டினது, எட்டுக்குப் பறந்தது, எல்லாம் நெசம். நான்தான் மூச்சு வாங்கி இவ்வளவு நேரம் படியிலேயே உட்கார்ந்துட்டேன். இவரைக் கீழ தள்ளிட்டா படி எனக்கே எனக்குன்னு நினைச்சேன்... ஆறு மாசமா சத்தம் வராம ஷூவைக் கழட்டிக்கிட்டு இவர் பின்னாடியே ஏறறேன், எனக்கும் அதே டாக்டர்தான்யா!"